ட்ரெமேனிலிருந்து போன பெயர்

இர்யா ரவுத்தியோவின் வாழ்க்கை முழுவதையும் நான் தட்டச்சு செய்திருக்கிறேன். நடுவில் கரித்தாள் வைத்து மூன்று பிரதி. பதினெட்டு வயதிலிருந்து அவள் குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், சேர்ந்த சங்கங்கள், நடத்திய வழக்குகளில் முக்கியமான பத்து, அந்தப் பத்திலும் எதிர்த்தரப்பு வக்கீலின் பெயர், தொலைபேசி எண். அறுபத்து நான்கு பக்கம் வந்தது. 1980, மார்ச் மாதம். ஹார்டுவேர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வெந்நீர்க் குழாய் சூடேறும்போதெல்லாம் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டங் டங்கென்று சத்தம் வரும். ஜன்னலுக்கு வெளியே கீழ்க்கடையின் பெயர்ப்பலகை மூழ்கும் அளவுக்குப் பனி.

எங்கள் ஊர் ட்ரெமேன், சுப்பீரியர் ஏரிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் தாமிரப் பூமி. சுரங்கத்தை மூடி அப்போதே பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சுரங்கத்துக்காக வந்த சனங்கள் மட்டும் போகவில்லை. என் பக்கம் கார்ன்வால்காரர்கள். இர்யாவும் அவள் புருஷன் என்சியோவும் பின்லாந்துக்காரர்கள். மலைச்சரிவில் குரோவேசியர்கள். நானும் இர்யாவும் ஒரே வகுப்பு. அவள் டெட்ராய்டுக்குப் போய்ப் பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்து, சாயந்திரம் சட்டம் படித்தாள். நான் தட்டச்சு படித்தேன். அவள் திரும்பிவந்து ஆபீஸ் போட்டபோது, “எல்மா, நீ வர்றியா?” என்றாள். இருபத்து நாலு வருஷம் போனேன்.

கூட்டாட்சி விசாரணை நீதிமன்றங்களுக்கு அந்தச் சமயத்தில் புதிதாக நிறைய நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்கள் வட்டாரத்துக்கும் ஒன்று கிடைத்தது. மார்க்வெட் நகரத்தில், ஏரியைப் பார்த்த கட்டடத்தில் உட்கார வேண்டிய நீதிபதி. அதிபர் பெயரைச் சொல்ல வேண்டும், செனட் சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டால் ஆயுசு முழுக்க யாரும் கீழே இறக்கிவிட முடியாது. ஆள் தேடிய குழு யாரையெல்லாமோ பார்த்துவிட்டுக் கடைசியில் இர்யாவிடம் வந்தது. எட்டு வருஷம் மாவட்ட அரசு வக்கீலாக இருந்தவள். சுரங்கத் தள்ளுவண்டிக்காரனின் மகள். அதுவரை எங்கள் பக்கத்திலிருந்து அப்படியொரு நாற்காலிக்கு ஒரு பெண் பெயர் போனதில்லை.

அந்த அறுபத்து நான்கு பக்கப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வெளியே தெரிந்தால் உங்களுக்கோ அதிபருக்கோ சங்கடம் தரக்கூடிய எதுவும் உண்டா?

என்சியோ அன்று ஆபீசில் உட்கார்ந்து பூட்சிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். மாவட்டச் சாலைத் துறையில் பனித்தள்ளி வண்டி ஓட்டுகிறவன். விடியற்காலை வேலைக்குப் போனால் மதியம் வந்து எங்கள் காப்பியைக் குடித்துத் தீர்ப்பான்.

“சவுனாவுல ஆவியில குளிச்சுட்டு நீ அம்மணமா ஓடிப் பனியில உருளுவியே, அத எழுதணுமா?” என்றான்.

“அதுல எனக்கென்ன சங்கடம்?” என்றாள் இர்யா.

“உனக்கில்லம்மா. அதிபருக்கு.”

“உன்னக் கட்டிக்கிட்டத எழுதிருவோம். அதவிடச் சங்கடம் எதுவும் இல்ல. எல்மா, ‘இல்லை’ன்னு அடி.”

அடித்தேன்.

ஏப்ரலில் விசாரிக்க ஓர் ஆள் வந்தான். நல்ல சாம்பல் கோட்டு, பனிக்கு ஒத்துவராத மெல்லிய ஷூ. இரண்டு நாளில் ஊர் முழுக்க நடந்தான். இர்யாவைப் பற்றிக் கேட்க வந்தவனிடம் ஊரார் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். முடிதிருத்துகிற ஜெலினெக் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றவனுக்கு முடியும் வெட்டிவிட்டார். என் வீட்டுக்கு வந்தபோது நான் பாஸ்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மாட்டிறைச்சியும் உருளையும் மஞ்சள் டர்னிப் கிழங்கும் மாவுக்குள் வைத்து மடித்தது. ஒன்றைத் தட்டில் வைத்தேன்.

“அவங்க குடிப்பாங்களா?” என்று கேட்டான்.

“காப்பி. ஒரு நாளைக்குப் பதினாலு கப்.”

“கோபம் வருமா?”

“நான் தப்பா அடிச்சா வரும்.”

“நேர்மையானவங்களா?”

“தம்பி, கடைசி கோர்ட்டு நாள்ல எதிர்க்கட்சி வக்கீல் ஒரு காகிதத்த மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டான். இவ அத மடிச்சு, படிக்காம, என்கிட்டக் குடுத்து, அந்தப் பனியில பதினோரு மைல் என்னப் போய்க் குடுத்துட்டு வரச்சொன்னா. நேர்மையானவ. ஆனா கூட வேலைபாக்குறவளுக்குத்தான் கஷ்டம்.”

அவன் எழுதிக்கொண்டான். டர்னிப்பை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுப் போனான்.

ஜூனில் பெயர் அறிவித்தார்கள். பின்லாந்துக்காரர்கள் மன்றத்தில் விருந்து. ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி, புகைபோட்ட மீன், குரோவேசியப் பெண்கள் சுருட்டிச் சுட்ட வால்நட் பொட்டிட்சா. என்சியோ கல்யாண கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, பொத்தான் பூட்ட முடியாமல், கையை முன்னால் கட்டியபடியே நின்றான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் காத்திருப்பு. இன்றைக்கு நினைத்தால் அந்தக் கோடைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. புது வழக்கு எடுக்கக்கூடாது, பழையதை முடிக்க வேண்டும் அல்லது கைமாற்ற வேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து சொல்லியிருந்தார்கள். செனட்டரின் ஆபீசில் விட்லோ என்று ஒருவர் எங்களுக்கென்று நியமிக்கப்பட்டிருந்தார். மாசத்துக்கு ஒருதரம் பேசுவார். நாங்கள் ஒவ்வொரு கோப்பாகக் கட்டி வெளியே அனுப்பினோம். அலமாரி காலியாகக் காலியாக ஆபீசில் எங்கள் பேச்சு எதிரொலிக்க ஆரம்பித்தது. பிற்பகலில் வேலை இருக்காது. ஜன்னலைத் திறந்துவைத்து, காட்டு புளூபெரி ஒரு வாளி நிறைய வைத்துக்கொண்டு, இலையும் காம்பும் பொறுக்குவோம். இர்யா பள்ளிக்கூடத்துக் கதை பேசுவாள். முப்பது வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. அவள் போய் இப்போது ஒன்பது வருஷமாகிறது. புளூபெரி பழுக்கும் காலம் வந்தால் நான் யாரோடும் பொறுக்கப் போவதில்லை. கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

செப்டம்பரில் வாஷிங்டனில் செனட்டின் விசாரணைக் கூட்டம். என்சியோவும் கூடப் போனான். திரும்பி வந்ததும் கேட்டேன்.

“ஆறு மணிநேரம் விமானம், ரெண்டு நாள் ஓட்டல்,” என்றான். “உள்ள போனா நாலே கேள்வி. ஏழு நிமிஷம். அதுல ஒரு கேள்வி, ட்ரெமேன்னு எப்படி உச்சரிக்கிறதுன்னு.”

“இவ என்ன சொன்னா?”

“சொல்லிக்குடுத்தா. அப்புறமும் அந்தாளு தப்பாத்தான் சொன்னாரு.”

நவம்பர் நாலாம் தேதி தேர்தல். அதிபர் தோற்றார். செனட்டும் கைமாறியது. மறுநாள் காலையில் இர்யா ஆபீசுக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஜனவரி வரை பழைய செனட்தான், அதுவும் டிசம்பர் நடுவில் கலைந்துவிடும், அதற்குள் ஏதாவது நடக்கலாம் என்றார் விட்லோ. “ஏதாவது” என்ற சொல்லை அவர் சொன்னவிதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெலா மிஹெலிச் வந்தது நவம்பர் கடைசியில். மலைச்சரிவில் இருக்கிறவள். அவள் புருஷன் யோசோ மரம் வெட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் லாரியில் மரம் ஏற்றும்போது, தூக்கும் சங்கிலியின் கொக்கி உடைந்து, கட்டு மொத்தமும் அவன்மேல் விழுந்தது. மூன்று பிள்ளைகள். ஜெலா பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்தாள். ஒரு மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. பையை மேசையில் வைத்தாள். உள்ளே அந்தக் கொக்கி.

“வக்கீலம்மா, நீங்க இப்ப கேஸ் எடுக்கறதில்லன்னு சொன்னாங்க. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிர்றேன்.”

“உக்காருங்க ஜெலா. கீழ பனியா?”

“விழுது. உக்கார நேரமில்ல, சமையக்கட்டுக்குப் போகணும். நான் ஒரு வக்கீல்கிட்டக் குடுத்திருந்தேன், பாலத்துக்கு அந்தப் பக்கம். ரெண்டு வருஷம் பாக்குறேன் பாக்குறேன்னாரு. போன வாரம் எல்லாத்தையும் உறையில போட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு. இந்தக் கொக்கி செஞ்ச கம்பெனியோட இன்சூரன்ஸ்காரங்களுக்கு அவரு கேஸ் பாக்குறாராம். இப்பத்தான் தெரிஞ்சுதாம்.”

இர்யா உறையைப் பிரித்தாள். கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டு, கொக்கியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். உடைந்த இடத்தில் பாதி பளபளவென்றும் பாதி கறுத்தும் இருந்தது.

“பாத்தியா எல்மா? இந்தக் கறுத்த பாதி முன்னயே விட்டிருக்கு. இரும்பு ஊத்தும்போதே விரிசல். யோசோ என்னிக்குப் போனாரு?”

“டிசம்பர் ஒம்பது,” என்றாள் ஜெலா. “செயின்ட் நிக்கோலஸ் திருநாள் முடிஞ்சு மூணாம் நாள்.”

இர்யா நாட்காட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் உள்ளே விடமாட்டார்கள். பதிமூன்று நாள் இருந்தது.

“நான் வேற நல்ல ஆளாப் பாத்து ஏற்பாடு பண்றேன்,” என்றாள் இர்யா. “கவலப்படாதீங்க.”

“நீங்க ஜட்ஜ் ஆனா, இந்தக் கேஸ் உங்ககிட்டயே வருமா?”

“வந்தாலும் நான் பாக்கமுடியாது. இப்பக் கொக்கியப் பாத்துட்டேனே.”

ஜெலாவுக்கு அது புரியவில்லை. சிரிக்கவேண்டுமோ என்று நினைத்துச் சிரித்தாள். பையை எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க இர்யா தொலைபேசியில் இருந்தாள். மார்க்வெட்டில் ஒருவர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இன்னொருவர், பன்னிரண்டு நாளில் ஒஹையோவிலுள்ள கொக்கிக் கம்பெனியை எதிர்த்து என்னத்தைத் தயார்பண்ணுவது என்று பின்வாங்கினார். மூன்றாமவர் ஒத்துக்கொண்டார். டிசம்பர் நாலாம் தேதி கூப்பிட்டு, தன் கூட்டாளி சம்மதிக்கவில்லை என்றார். அப்போது மிச்சம் இருந்தது அஞ்சு நாள். அதில் சனியும் ஞாயிறும்.

அன்று பிற்பகலே விட்லோ கூப்பிட்டார். இர்யா என்னைப் பார்த்து, அடுத்த தொலைபேசியை எடுக்கச் சொல்லிக் கைகாட்டினாள். எடுத்துக் குறிப்பெழுதினேன்.

“ஒரு பட்டியல் பேசிட்டிருக்காங்க மேடம். ரெண்டு கட்சியும் சேந்து, கலையறதுக்கு முன்னாடி அஞ்சாறு பேருக்குச் சம்மதம் குடுத்துறலாம்னு. உங்க பேரு அதுல இருக்கு.”

இர்யா நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கேக்குதா? பதினாறாந்தேதி வரைக்கும் உங்க பேரு எந்தப் பேப்பர்லயும் வரக்கூடாது. எந்தச் சத்தமும் கூடாது. எவனாவது ஒரு செனட்டர் கையத் தூக்கி வேணாம்னுட்டாப் போதும், பட்டியல்ல இருந்து போயிரும்.”

“நான் ஒரு வழக்குப் போட்டா?”

“எங்க?”

“மார்க்வெட்ல.”

“எந்தக் கோர்ட்டுக்கு நீதிபதியாகப் போறீங்களோ, அதே கோர்ட்லயா? அது சட்டப்படி தப்பில்ல மேடம். ஆனா தயவுசெஞ்சு போடாதீங்க. பன்னெண்டு நாள். பன்னெண்டே நாள் சும்மா இருங்க.”

“பன்னெண்டு நாள் என்கிட்ட இல்ல, மிஸ்டர் விட்லோ,” என்றாள் இர்யா.

சனிக்கிழமை சவுனா நாள். ரவுத்தியோ வீட்டில் நானும் சேர்ந்துகொள்வது வழக்கம். முதலில் பெண்கள், பிறகு என்சியோ. குளித்துவிட்டு சமையலறையில் உட்கார்ந்து உப்பு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. என்சியோ சிவந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான். அவனுக்கு விஷயம் தெரியும்.

“அந்த மூணாவது ஆளு?”

“இல்லன்னுட்டான்,” என்றாள் இர்யா.

“நாலாவது ஆளப் பாரு.”

“யாரு இருக்கா? சொல்லு.”

“எனக்கென்ன தெரியும்? வக்கீலு நீ.” தட்டைத் தள்ளினான். “இருபத்து ரெண்டு வருஷம் அந்த வண்டியில குலுங்கியிருக்கேன் இர்யா. காலையில கட்டில விட்டு எந்திரிக்கறப்போ முதுகப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கறேன். மார்க்வெட்ல வீடு பாத்து வெச்சிருந்தோம். ஜன்னல்ல ஏரி தெரியும்னு சொன்ன. நான் சும்மா உக்காந்து ஏரியப் பாக்கலாம்ன.”

“சொன்னேன்.”

“எங்கப்பா இங்கிலீஷ் தெரியாம கோர்ட்டு வாசல்ல தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு நின்னவரு. அவரு மருமக உள்ள உசரத்துல உக்காரப்போறான்னு நான் ஊருபூராச் சொல்லிட்டேன்.”

“நான் கேட்டனா உன்ன, சொல்லுன்னு?”

“கேக்கல. சந்தோசத்துல சொன்னேன். அதுவும் தப்பா?”

நான் எழுந்து காப்பிப் பாத்திரத்தை எடுத்தேன். “உக்காரு எல்மா,” என்றான் என்சியோ. “நீயும் சொல்லு. பத்து நாள் சும்மா இருந்தா ஆயுசுக்கும் நீதிபதி. எத்தனையோ ஜெலாவுக்கு நல்லது பண்ணலாம். ஒருத்திக்காக அத்தனையும் விடறதா?”

நல்ல கேள்வி. ஆயுசுக்கும் அந்த நாற்காலியில் இர்யா உட்கார்ந்தால் எத்தனை பேருக்கு நல்லது என்று நானும் எண்ணிப் பார்த்திருந்தேன்.

“அந்த எத்தன பேரு இன்னும் வரல என்சியோ,” என்றாள் இர்யா. “இவ வந்துட்டா. மாடியேறி வந்து, பையப் பிரிச்சுக் காட்டிட்டா. இப்ப நான் கையக் கட்டிக்கிட்டு இருந்தா கெடு தாண்டிரும். அப்புறம் போய் அந்த உசரத்துல உக்காந்து, ‘கெடு தாண்டிருச்சு, தள்ளுபடி’ன்னு எவளுக்காவது சொல்லுவேன் பாரு, அப்ப எனக்கு ஜெலா மூஞ்சிதான் தெரியும்.”

“உன் பேரு பட்டியல்ல இருக்குன்னு அந்தாளு சொன்னான்.”

“இருக்குன்னு சொன்னான். இருக்கும்னு சொல்லல.”

என்சியோ கண்ணாடியில் வழிந்த ஆவியைக் கையால் துடைத்தான். பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டகையில் விறகு பிளக்கப் போனான். அடி விழுந்துகொண்டே இருந்தது. பிளக்க வேண்டிய விறகு அவ்வளவு இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு முழுக்க நான் தட்டச்சு செய்தேன். காலி ஆபீசில் அந்தச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. இர்யா எழுதி எழுதிக் கொடுத்தாள். வாதி ஜெலா மிஹெலிச். பதினோரு பக்கம். கடைசியில் வக்கீல் பெயரை அடிக்க வேண்டிய இடம் வந்ததும் என் கை நின்றது. அவளைப் பார்த்தேன். “முழுப்பேரையும் அடி,” என்றாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ஊரே தெரியவில்லை. ஏரிக்காற்றோடு வரும் பனி அப்படித்தான். மேலிருந்து விழாது, பக்கவாட்டில் பறக்கும். பள்ளிக்கூடம் கிடையாது என்று ரேடியோவில் சொன்னார்கள். மார்க்வெட் நூறு மைல். கடைசி நாள் செவ்வாய்தான், ஆனால் செவ்வாய் இதைவிட மோசம் என்றார்கள். இர்யாவின் காரில் நான் பெட்டியோடு ஏறினேன். தெருமுனையில் மஞ்சள் விளக்குச் சுழல, பனித்தள்ளி வண்டி நின்றிருந்தது. என்சியோ இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். புருவத்தில் பனி.

“இன்னிக்கு எனக்கு இந்த நெடுஞ்சாலைதான் முறை,” என்றான்.

“உன் முறை ஏரிச் சாலையில்ல?” என்றாள் இர்யா.

“மாத்திக்கிட்டேன். பின்னாலயே வா. ரொம்ப ஒட்டாத, கண்ணாடி போயிரும். ரொம்பவும் விலகாத, மூடிரும்.”

அவ்வளவுதான் பேச்சு. நாற்பது மைல் அவன் முன்னால் போனான். இரண்டு பக்கமும் பனி சுருண்டு வெள்ளைச் சுவராக விழுந்தது. நாங்கள் பார்த்ததெல்லாம் அந்த மஞ்சள் விளக்கு ஒன்றைத்தான். இர்யா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் ரொட்டியைப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். மென்றாள்.

மாவட்ட எல்லையில் அவன் வண்டி ஓரம் கட்டியது. அதற்கு மேல் போக அவனுக்கு அதிகாரம் கிடையாது. எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்து மாவட்டத்து வண்டி, எஞ்சின் ஓடியபடி நின்றது. என்சியோ ரேடியோவில் சொல்லிவைத்திருக்கிறான். நாங்கள் கடக்கும்போது அவன் கையைத் தூக்கினான். இர்யாவும் தூக்கினாள். பிறகு கொஞ்ச தூரம் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, மெதுவாக ஓட்டினாள்.

மூன்றே முக்காலுக்கு நீதிமன்றப் பதிவு ஜன்னலில் நின்றோம். உள்ளே இருந்த பெண் எண்ணைக் குத்தினாள், தேதியைக் குத்தினாள், பெயரைப் படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“ரவுத்தியோன்னா… நீங்க இங்க வரப்போற…”

“இன்னிக்கு வந்திருக்கிறது இதுக்கு,” என்றாள் இர்யா. “முத்திரை சரியா விழுந்திருக்கான்னு பாத்துருங்க.”

செனட் கலைந்தது. பட்டியலில் இருந்த சில பெயர்களுக்குச் சம்மதம் கொடுத்தார்கள் என்று பேப்பரில் படித்தோம். இர்யாவின் பெயர் இல்லை. தீர்மானம் ஆகாத பெயர்களோடு அதுவும் அதிபரிடமே திரும்பிப்போனது. விட்லோ கூப்பிட்டார். அந்த வழக்கால் இல்லை, பட்டியலே சுருங்கிவிட்டது, தாம் எவ்வளவோ முயன்றதாகச் சொன்னார். நல்ல மனுஷன். அவருக்கே அப்போது வேலை போய்க்கொண்டிருந்தது.

“அந்தக் கேஸாலதானா இர்யா?” என்று ஒரே ஒருதரம் கேட்டேன்.

“தெரியல எல்மா. யாருக்கும் தெரியாது. அந்தக் கோப்புகளையெல்லாம் திரும்ப வாங்கணும், கடிதம் அடி.”

கைமாற்றிய கோப்புகளில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த ஒரு வருஷம் எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. என்சியோ வண்டி ஓட்டினான். முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். ஊரில் யாராவது, “என்னப்பா, ஜட்ஜம்மா புருஷன்” என்று சீண்டினால், “ஆமா, ஏழு நிமிஷம் இருந்தேன்” என்பான்.

நாற்காலிக்குப் புதிதாக வந்தவர் வெஸ்லி ஆர்ம்புரூஸ்டர். தெற்கே இருந்து வந்தவர், நெடு உருவம், மெதுவான பேச்சு. ஜெலாவின் வழக்கு 1982 மே மாதம் அவர் முன்னால் வந்தது. ஆறு நாள். நான் பெட்டிகளோடு பின்வரிசையில் இருந்தேன். முதல் நாள் காலையில் அவர் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்தோம். இர்யாவும் எழுந்தாள். அவள் எழுந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு என்னமோபோல் இருந்தது. அவள் முகத்தில் ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம்.

கம்பெனி வக்கீல்கள் மூன்று பேர். யோசோ அளவுக்கு மீறிப் பாரம் தூக்கினான் என்றார்கள். குடித்திருந்தான் என்று கோடிகாட்டினார்கள். ஜெலா சாட்சிக் கூண்டில் இருந்து, “அவரு காலையில பால்தான் குடிப்பாரு, வயித்துப் புண்ணு” என்றபோது ஜூரியில் ஒரு கிழவர் தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை ஒரு சண்டை. இதே கம்பெனிக் கொக்கி விஸ்கான்சினில் இரண்டு இடத்தில் உடைந்ததாகக் கம்பெனிக்கு முன்பே வந்த இரண்டு கடிதங்கள் இர்யாவிடம் இருந்தன. முதல் கடிதத்தை ஜூரிக்குக் காட்டலாம், இரண்டாவதைக் கூடாது, அது வேறு அளவுக் கொக்கி என்றார் நீதிபதி. இர்யா இருபது நிமிஷம் வாதாடினாள். இரண்டும் ஒரே வார்ப்பில், ஒரே உலையில் ஊற்றியவை, அளவு மட்டும்தான் வேறு என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கூடாது என்றே சொன்னார். “என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்,” என்று சொல்லிவிட்டு இர்யா உட்கார்ந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

ஒரு கடிதமே போதுமானதாக இருந்தது. ஜூரி ஐந்து மணிநேரம் பேசிவிட்டு வந்து ஜெலா பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜெலாவுக்குப் புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, “என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?” என்றாள். நான் தலையை ஆட்டியதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து, யாரிடம் கும்பிடு போடுவது என்று தெரியாமல், பன்னிரண்டு ஜூரிக்கும் ஒவ்வொருவராகத் தலைகுனிந்தாள். நீதிபதி அவள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கலையச் சொன்னார்.

மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்து, கம்பெனி பணிந்துபோன பிறகு, ஆகஸ்டில் காகிதங்களைத் திரும்ப வாங்க நானும் இர்யாவும் மார்க்வெட் போனோம். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. ஏரி நீலமாகக் கிடந்தது. தாழ்வாரத்தில் எதிரே வந்தார் ஆர்ம்புரூஸ்டர், கோட்டு இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. நின்றார்.

“மிசஸ் ரவுத்தியோ. வழக்கு முடிஞ்சுபோச்சு, இப்பச் சொல்லலாம். இந்த நாற்காலிக்கு முதல்ல வந்த பேரு உங்களோடதுன்னு எனக்குத் தெரியும். அந்த ஆறு நாளும் நீங்க எந்திரிச்சு நிக்கறப்பெல்லாம் எனக்குக் கூச்சமா இருந்துச்சு.”

“நீங்க கூச்சப்படறதுக்கு ஒண்ணுமில்ல, யுவர் ஆனர். நல்லாத்தான் நடத்தினீங்க. ஜெலாவ யாரும் அதட்ட விடல. நான் பாத்தேன்.”

“நன்றி.”

“ஆனா அந்த ரெண்டாவது கடிதத்த வெளிய தள்ளினது தப்பு.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப அப்பீல் போட்டிருக்கணும்.”

“ஜெயிச்சுட்டு எப்படிப் போடறது?”

சிரித்துக்கொண்டே தலையைத் தாழ்த்திவிட்டு உள்ளே போனார். நாங்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். காரில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல், நான் கேட்டேன்.

“உண்மையச் சொல்லு இர்யா. அங்க நின்னப்போ, அந்த உசரத்தப் பாத்து உனக்கு ஒண்ணுமே தோணலயா?”

அவள் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேல் மாடி ஜன்னல் ஒன்றில் திரை ஆடியது.

“செவ்வாய்க்கிழம தோணிச்சு,” என்றாள். “அந்தக் கடிதத்துக்கு நான்னா சரியாச் சொல்லியிருப்பேன்.”

வண்டியைக் கிளப்பினாள். அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் இருந்தாள். அந்த நாற்காலியைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.